ஆறு கம்பி ஆசானுக்கு ஒரு வாழ்த்து

அந்நிய வாத்தியத்தை வாசலில் நிறுத்தி வைக்கும் வழக்கம் தஞ்சாவூருக்கு என்றுமே இருந்ததில்லை. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வைத்துக்கொண்டார். திருவாரூர்க்காரரான பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குப் பழக்கினார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவின் வயலினுக்கு மயங்கி, சுவாதித் திருநாள் மகாராஜா 1834இல் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். சதிர்க் கச்சேரிக்குள் கிளாரினெட் வந்தது. வந்த ஒவ்வொன்றையும் இந்த ஊர் காதில் வைத்துச் சோதித்தது, தேறியதை வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டது.

அந்த வரிசையில் கடைசியாக வந்த தொடக்கநிலை மின் கிதாரே, உன் பெருமை தனி. அவற்றில் பல அரண்மனை வழியாக வந்தன, நீ லாரி பார்சலில் வந்தாய். அவற்றைக் காது சோதித்தது, உன்னைச் சோதிக்கக் கண் ஒன்றே போதுமாக இருந்தது. நிறம் பார்த்து வாங்கப்பட்ட முதல் வாத்தியம் என்ற சிறப்பைக் காவிரிக் கரையில் உன்னைத் தவிர வேறு எதற்கும் கொடுக்க முடியாது.

என்ன அழகு அது! நடுவில் தேன்மஞ்சள், விளிம்புக்குப் போகப் போகச் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு. மேலே பளபளக்கும் வெள்ளைத் தகடு. ஓசையைப் பிடிக்க மூன்று பிக்கப், நான்கு குமிழ், அவற்றில் ஒன்று எதற்கும் இணைக்கப்படாதது. அமெரிக்காவின் பேர்பெற்ற கிதார் ஒன்றின் உடல்வாகு. தலையில் ஒட்டிய பெயரும், சற்றுத் தள்ளி நின்று படித்தால், ஏறக்குறைய அதன் பெயர்தான். 1991க்கு முன்பு வெளிநாட்டுக் கிதார் இங்கே வருவது இறக்குமதிக் கட்டுப்பாட்டாலும் சுங்க வரியாலும் அரிது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ அண்ணன் இருக்கும் வீட்டுக்குத்தான் அது வரும். மற்றவர்களுக்கெல்லாம் கொல்கத்தாப் பட்டறைகளிலிருந்து வந்த நீதான் கதி. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் மாயவரத்திலும் மெல்லிசைக் குழு வைக்க ஆசைப்பட்ட பையன்களுக்கும், மாதா கோயில் பாடகர் குழுவில் கிதார் வேண்டும் என்று கேட்ட பிள்ளைகளுக்கும், 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ பார்த்துவிட்டு ஆர். சந்திரசேகரின் விரல்கள் ‘இளைய நிலா’ பாட்டில் செய்ததைத் தானும் ஒருநாள் செய்துவிடலாம் என்று நம்பியவர்களுக்கும் நீ ஒருத்திதான் கைகொடுத்தாய். இதை நான் மனதாரச் சொல்கிறேன். நீ வராமல் இருந்திருந்தால் அந்தக் கைகளில் ஒன்றுமே இருந்திருக்காது.

வந்த பிறகு நீ கற்பித்ததைச் சொல்ல வேண்டும்.

முதலில் பொறுமை கற்பித்தாய். விரல் பழகாத பிள்ளைக்கு, கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகளில் பன்னிரண்டாவதான ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி ஒன்றரை மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நீ நான்கு, ஐந்து என்று தாராளமாக உயர்த்திப் பிடித்தாய். கழுத்தின் தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் ‘நட்’ என்ற வெள்ளைப் பட்டையில் காடிகளை ஆழமாக அறுக்கவே இல்லை. அதனால் முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு பிடிப்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முடியாத காரியம். பிள்ளை அழுத்தும், கம்பி டப்பென்று செத்த ஓசை கொடுக்கும். “இன்னும் அழுத்து” என்பார் வாத்தியார். இன்னும் அழுத்தும். விரல் நுனி சிவக்கும், தோல் உரியும், காய்ப்புக் காய்க்கும். வீணை கற்கிற பிள்ளைக்கும் விரலில் கோடு விழும், உண்மைதான். ஆனால் அந்தக் கோடு விழுந்த இடத்தில் ஒரு சுரம் பிறந்திருக்கும். நீ வலியை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுத்தாய். அதனால்தான் உன்னை ஆசான் என்கிறேன். இவ்வளவு கண்டிப்பான ஆசானை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இரண்டாவது பாடம் இன்னும் பெரியது. சுருதி மாதா, லயம் பிதா என்று சொல்லி வளர்க்கும் ஊரில், மாதாவையே சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்தாய். கம்பியின் சரிபாதியில் பன்னிரண்டாவது ஃப்ரெட் அமர வேண்டும், அழுத்தும்போது கம்பி இழுபடுவதால் ஏறும் சுருதிக்காகப் கம்பிகளின் மறுமுனை அமரும் பிரிட்ஜைக் கொஞ்சம் பின்னே தள்ள வேண்டும். கணக்கு அவ்வளவுதான். ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் மீதி நீளத்தை 17.817ஆல் வகுத்துக்கொண்டே போனால் பன்னிரண்டாவது சரிபாதியில் விழும். பழைய கைவினைக் கணக்குப்படி 18ஆல் வகுத்தால், 648 மில்லிமீட்டர் கம்பியில் அந்த ஃப்ரெட் இரண்டு மில்லிமீட்டருக்கு மேலே விலகிப்போகும். கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. காதுக்கு அது இன்னொரு சுரம். உன் பிரிட்ஜில் கம்பிக்குக் கம்பி முன்பின் நகர்த்தும் திருகுகள் இருந்தன. பட்டறையிலோ கடையிலோ யாரும் அவற்றைத் தொடவில்லை. திறந்த கம்பியைச் சரியாகச் சேர்த்தால் மேலே பிசகும், மேலே சேர்த்தால் திறந்த கம்பி பிசகும். பிள்ளை ஒருநாள் முழுக்கச் சேர்த்துப் பார்க்கும், கார்டு பிடித்துப் பார்க்கும், கோணல் கேட்கும். கோணல் கேட்டது அதன் காது நன்றாக இருந்ததால். ஆனால் உன் மேல் சந்தேகமே வராதபடி நீ அவ்வளவு பளபளப்பாக இருந்தாய். “எனக்குக் காது சரியில்லை” என்று அந்தப் பிள்ளை முடிவு கட்டியது.

இந்த இடத்தில்தான் உன் திறமை முழுதாகத் தெரிகிறது. சுருதி ஞானம் இல்லாத பிள்ளைக்கு உன் பிசகு கேட்கவே கேட்காது, அது சந்தோஷமாக வாசித்துக்கொண்டே இருக்கும். நல்ல காது உள்ள பிள்ளையால்தான் உன்னோடு ஒரு வாரத்துக்கு மேல் இருக்க முடியாது. எவனுக்கு இசை வருமோ அவனைத் தேடிப்பிடித்து வீட்டுக்கு அனுப்பிவைக்கும் நுட்பம் உனக்கு இருந்தது. எந்தச் சங்கீதப் போட்டியின் நடுவர்களுக்கும் அவ்வளவு கூர்மை கிடையாது.

உன்னை விற்ற கடையிலிருந்து நான்கு தெரு தள்ளி வீணைப் பட்டறை இருந்தது. அங்கே நடப்பதைப் பார்த்தால் உன் பெருமை இன்னும் விளங்கும். ஃப்ரெட்டை வீணையில் மெட்டு என்பார்கள், தஞ்சாவூர் வீணைக்கு 24 மெட்டுகள். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் இந்த வடிவம் நிலைபெற்றதாகச் சொல்வார்கள். தேன்மெழுகும் கரிப்பொடியும் கலந்த கறுப்பு மெழுகில் மெட்டை வைத்து, மீட்டி, கேட்டு, மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்டி, பிறகே அழுத்திப் பதிப்பார்கள். மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். மெழுகு வெயிலில் இளகும், மெட்டு நகரும், சுருதி போகும். அப்போது வீணையைக் கொண்டுபோனால் திரும்பவும் மேளம் கட்டித் தருவார்கள். வாத்தியம் பிசகும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பிசகினால் வாத்தியத்தைத்தான் திருத்துவார்கள், வாசிக்கிறவரை இல்லை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வீணையின் பட்டறை இருந்த அதே ஊரில், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நீ தொங்கினாய். விற்ற கடையில் ஒருவரும் உன்னை ஒரு தடவைகூட மீட்டிப் பார்த்தது கிடையாது. அதற்கு அவசியமே இல்லாத வாத்தியமாக நீ இருந்தாய்.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் என்ன செய்தார் என்பது நினைவுக்கு வருகிறது. இரட்டைக் கம்பிகள் நான்கு ஜோடி இருந்த மாண்டலினில் கமகம் நிற்காது என்று தெரிந்ததும், ஒற்றைக் கம்பிகள் ஐந்து கொண்ட மின் மாண்டலினாக அதை மாற்றிக்கொண்டார். வாத்தியம் இசைக்கு வளைந்து கொடுத்தது, அதனால் உலகம் அவரைக் கேட்டது. உன்னிடம் வந்த பிள்ளைகளுக்கோ வாத்தியம் வளையலாம் என்ற செய்தியே போய்ச் சேரவில்லை.

ஆனால் நீ வளையாதவள் என்று சொல்லிவிடக் கூடாது. ஆறு கம்பிகள் சேர்ந்து சுமார் 45 கிலோ எடையளவு இழுப்பதைக் கழுத்து தாங்க வேண்டும். அதற்காக நல்ல கிதார்களின் கழுத்துக்குள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடும், திருகி நிமிர்த்திக்கொள்ளலாம். உன் இனத்தில் சிலருக்கு அது கிடையாது, சிலருக்கு இருந்தும் திருகு சுற்றாது. சித்திரைக் கத்திரி வெயிலில் உன் மரம் சுருங்கி, ஃப்ரெட்டுகளின் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஐப்பசி அடைமழையும் பிடித்துக்கொண்டால் மரம் ஊறும், கழுத்து குனியும், கம்பி இன்னும் மேலே போகும். டெல்டாவின் பருவத்தை உன்னைப் போல உடம்பில் காட்டிய வாத்தியம் வேறில்லை. குறுவைக்கு ஓர் உயரம், சம்பாவுக்கு ஓர் உயரம்.

மின்சாரப் பாடத்தையும் நீயே நடத்தினாய். தனி ஆம்ப்ளிஃபையர் வாங்க யாருக்கும் வசதி இல்லை. டேப் ரெக்கார்டரின் மைக் துளையில் சொருகுவார்கள், திருவிழா என்றால் மைக் செட்டில் சேர்ப்பார்கள். சொருகியதும் நீ முனக ஆரம்பிப்பாய். கம்பியைத் தொட்டாலும் முனகல் குறையாது. பிரிட்ஜிலிருந்து ஜாக்குக்கு வர வேண்டிய எர்த் ஒயர் எங்கோ அறுந்திருக்கும், அல்லது முதலிலிருந்தே இருக்காது. உள்ளே மறைப்புத் தகடும் இல்லை என்பதால், எனக்குத் தெரிந்த ஒரு கிதாரில் இரவு வேளையில் வானொலிச் செய்தி தெளிவாகக் கேட்கும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. எர்த் இல்லாத இரண்டு முனைப் பிளக்கில் ஓடும் பழைய ஆம்ப்ளிஃபையரில், எர்த் ஒயர் அறாத உன் சகோதரி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு, கம்பியில் கை இருக்க, மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். மழையில் நனைந்த மேடையில் அது உயிருக்கே ஆபத்து. பாட வந்த பையனுக்கு நீ அந்தப் பாடத்தையும் இலவசமாகத் தந்தாய்.

விலை குறைவு, அதனால் அப்படித்தான் இருக்கும் என்று உனக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை நான் ஏற்க மாட்டேன், அது உனக்கும் அவமானம். 1950களில் அமெரிக்காவில் நேதன் டேனியல் என்பவர் டான்எலெக்ட்ரோ என்ற பெயரில் கிதார் செய்தார். சியர்ஸ் கடைகள் சில்வர்டோன் என்ற பெயரில் விற்கவும் செய்து கொடுத்தார். உடம்பு மரச்சட்டத்தின் மேல் ஒட்டிய அழுத்தப்பட்ட மரநார்ப் பலகை. பிக்கப்பின் கூடு, லிப்ஸ்டிக் போடும் உலோகக் குழல். உன்னைவிட மலிவான சாமான்கள்தான். ஆனால் கழுத்தும் ஃப்ரெட்டும் நேராக இருந்தன, அதனால் பிற்காலத்தில் ஜிம்மி பேஜ் போன்ற பேர்பெற்ற கிதார்க் கலைஞர்கள் மேடையிலேயே அதை வாசித்தார்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு 1959இல் அப்பா வாங்கிக் கொடுத்த முதல் மின் கிதார் சுப்ரோ என்ற மலிவு வகைதான். லண்டனில் பிரையன் மே என்ற பள்ளிப் பையன், 1963இல் தொடங்கி, தன் தகப்பனாரோடு உட்கார்ந்து, பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரத்தில் கழுத்துச் செதுக்கி, மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் போட்டு, தானே ஒரு கிதார் செய்துகொண்டான். பின்னர் குவீன் குழுவில் உலகம் முழுவதும் அவர் வாசித்தது அந்தக் கிதாரைத்தான். மலிவு குற்றமில்லை. நேராக வைக்க வேண்டியதைக் கோணலாக வைப்பதில் காசு மிச்சமாவதும் இல்லை.

பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுடைய முதல் கிதார் எக்மாண்ட் என்ற மலிவு டச்சுக் கிதார். கழுத்தைப் பிடித்திருந்த திருகைச் சிறுவன் கழற்றிவிட, கழுத்து தனியே வந்துவிட்டது. திரும்பப் பொருத்தத் தெரியாமல் அலமாரிக்குள் போட்டுவிட்டான். அண்ணன் பீட்டர் எடுத்துச் சரிசெய்து கொடுத்தார். அந்த அண்ணன் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. டெல்டாவில் எத்தனை அலமாரிகள், எத்தனை பரண்கள்.

இங்கே உன்னைச் சரிசெய்தவர்களைச் சொல்லாமல் உன் புகழ் நிறைவுபெறாது. கிதார் பழுது பார்ப்பதே தொழிலாக வைத்திருந்தவர் எங்கள் பக்கத்தில் இல்லை. நீ பழுதானதால் மூன்று தொழில்கள் ஒன்றையொன்று அறிந்துகொண்டன. கரகரக்கும் வால்யூம் கண்ட்ரோலை மாற்றியவர் ரேடியோ மெக்கானிக். ரேடியோவுக்குப் போடும் கண்ட்ரோலைப் போட்டுவிட்டு, ஓசை கொஞ்சம் மங்குகிறதே என்று அவரே கவலைப்பட்டு, அதிக ஓம் கொண்டதைத் தேடிக் கொண்டுவந்து மறுபடி ஈயம் வைத்தார். பிக்கப் செத்துப்போனபோது ஓடியது பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு. ஆற்றுப் பாசனத்தோடு ஆழ்குழாயும் வந்த பிறகு அந்தக் கடை இல்லாத ஊர் டெல்டாவில் இல்லை. ஆனால் பிக்கப்பின் தாமிரக் கம்பி தலைமயிரைவிட மெலிது, பல ஆயிரம் சுற்று. மோட்டார்க் கம்பி பழகிய கையில் அது அறுந்துகொண்டே போகும். அப்படியும் ஒருவர், தையல் மிஷினின் பாபின் சுற்றும் பகுதியை வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிக் கொடுத்தார். சுற்றியதை மெழுகில் முக்கி எடுக்காவிட்டால் சத்தம் கூடும்போது கீச்சென்று அலறும். முக்க மெழுகு கொடுத்தது வீணை ஆசாரி. மெட்டுக்கு வைத்திருந்த தேன்மெழுகோடு மெழுகுவத்தியைக் கலந்து, கொதிக்க விடாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கினார். உன் கழுத்தை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை: “தம்பி, இதுல எந்தக் குத்தமும் பெருசில்ல. செஞ்சவன் கடைசி வேலைய செய்யாம அனுப்பிட்டான்.”

அந்தக் கடைசி வேலை என்ன என்று எழுதிவைக்கிறேன். ஊசி அரத்தால் நட்டின் காடிகளை, முதல் ஃப்ரெட்டின் மேலே கம்பி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக நிற்கும்வரை, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது. கழுத்து உடம்பில் உட்காரும் குழியின் உள்முனையில் விசிட்டிங் கார்டு துண்டு ஒன்றை வைத்துத் திருகினால் கழுத்து சற்றே பின்னால் சாயும், கம்பி இறங்கும். கண்ணாடிப் பட்டையில் உப்புத்தாள் ஒட்டி, ஃப்ரெட்டுகளின் தலையை மார்க்கரால் கறுப்பாக்கி, கறுப்பு எல்லாவற்றிலும் ஒரேபோல அழியும்வரை தேய்ப்பது, பிறகு தட்டையான தலைகளை உருட்டுவது. துருத்திய முனைகளை அராவுவது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும், அதே இடத்தில் விரல் நுனியால் தொட்டு எழுப்பிய மணியோசையும் ஒன்றாகும்வரை பிரிட்ஜ்த் திருகை நகர்த்துவது. எர்த் ஒயர் ஒன்று. ஒரு மத்தியான நேர வேலை. சாமான் செலவு ஒரு செட் கம்பி விலைக்கும் கீழே. இதைப் பட்டறையில் செய்யாமல் விட்டதனால், கற்க வந்தவன் தலையில் அது விழுந்தது, அவனும் தன் குறை என்று ஏற்றுக்கொண்டான்.

உன் புகழின் சிகரம் அங்கேதான் இருக்கிறது. இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள், பாங்கிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், பேச்சுவாக்கில் சொல்வார்கள்: “சின்ன வயசுல கிதார் கத்துக்கிட்டேன், எனக்கு வரல.” ஒருவர்கூட “கிதார் சரியில்லை” என்று சொல்லி நான் கேட்டதில்லை. செய்தவர், விற்றவர், சோதிக்காமல் வாங்கியவர், இன்னும் அழுத்து என்றவர் என்று எல்லோருடைய பிழையையும் ஒரு பிள்ளையின் பிழையாக மாற்றி, அதை அந்தப் பிள்ளை வாயாலேயே ஆயுள் முழுக்கச் சொல்ல வைத்தாய். உன் பேருக்கு ஒரு கீறல் விழவில்லை. சொல்லப்போனால் இப்போது பழைய மலிவுக் கிதார்களுக்கு உலகெங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், உன் வயதே உனக்கு விலை ஆகிவிட்டது.

இப்போது வருகிற புதிய மலிவுக் கிதார்களைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஃப்ரெட் குழிகளை எந்திரம் அறுக்கிறது, கணக்குப் பெரும்பாலும் சரியாக இருக்கிறது. நட் மட்டும் இன்னும் உயரம்தான். கடையில் பெட்டியைப் பிரிக்காமலே விற்கிறார்கள், ஆன்லைனில் வருவது எப்படியும் பிரிக்காத பெட்டிதான்.

தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கிதார் விற்கிற கடைக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன் நட்டை இறக்கி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி பார்த்துக் கொடுங்கள். அந்த வேலைக்குத் தனியாகக் காசு கேளுங்கள், தருவோம். பெற்றோர்களே, பிள்ளைக்கு இசை வரவில்லை என்று வகுப்பை நிறுத்துவதற்கு முன், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் அந்தக் கிதாரை ஐந்து நிமிடம் கொடுத்துப் பாருங்கள். பரணில் பழையது ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். இறக்கித் துடைத்து, மேலே எழுதிய வேலையைச் செய்து அல்லது செய்யச் சொல்லி, தெருவில் கேட்கிற முதல் பிள்ளைக்குக் கொடுங்கள். முடிந்தால் அதற்கு முன் நீங்களே ஒருமுறை எஃப் கார்டு பிடித்துப் பாருங்கள்.